எலி மூளையில் ஒரு மில்லிமீட்டர்: கையை அசைக்கும் 'வயரிங்' உள்ளே எப்படி இருக்கிறது?

ஜித்ராவிலிருந்து அலோர்ஸ்டார் போகும் வழியில் இரண்டு பக்கமும் நெல்வயல்தான். அந்த வயல்காரர்களிடம் எலியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், ஒரு நல்ல வார்த்தைகூட வராது. கதிரைக் கடித்துப் போடும். அதை ஒழிக்கக் கூகைகளுக்குக் கூண்டு கட்டி வைப்பார்கள். செம்பனைத் தோட்டங்களிலும் அதே கதைதான்.

ஆனால், வயல் எலியின் உறவுக்கார எலிகளையும் சுண்டெலிகளையும் வைத்துத்தான் விஞ்ஞானிகள் ஒரு பெரிய கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கையை நீட்டணும் என்று நீங்கள் நினைத்ததும் கை எப்படி நீளுகிறது? அந்தக் கட்டளை மூளைக்குள் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது?

இது வெறும் ஆர்வத்துக்கான கேள்வி இல்லை. உங்கள் தாத்தா பாட்டிக்கோ, பக்கத்து வீட்டு மாமாவுக்கோ பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துபோனதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கை ஏன் விழுந்தது, பயிற்சி செய்தால் ஏன் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது என்பதற்கான விளக்கத்தில் ஒரு பகுதி இந்த 'வயரிங்'குக்குள் இருக்கிறது.

மோட்டார் கார்டெக்ஸ் என்றால் என்ன?

மூளையின் வெளிப்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் சுருக்கமான மேல்தோல் போன்ற பகுதிக்குப் பெயர் கார்டெக்ஸ். தமிழில் 'பெருமூளைப் புறணி' என்பார்கள். அதில் உடல் அசைவைக் கவனித்துக்கொள்ளும் பகுதிதான் மோட்டார் கார்டெக்ஸ், அதாவது இயக்கப் புறணி.

இப்படி ஒரு பகுதி இருப்பது 1870-இல் தெரியவந்தது. பெர்லினில் குஸ்டாவ் ஃப்ரிட்ஷ், எட்வர்ட் ஹிட்ஸிக் என்ற இருவர் நாயின் மூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் லேசாக மின்சாரம் கொடுத்தார்கள். உடம்பின் எதிர்ப்பக்கத்துக் கால் அசைந்தது. இடத்தை மாற்றினால் அசையும் உறுப்பும் மாறியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1874-இல், கீவ் நகரத்தில் விளாடிமிர் பெட்ஸ் என்பவர் அதே பகுதியில் ரொம்பப் பெரிய நரம்பு செல்களைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் அவற்றுக்கு 'பெட்ஸ் செல்' என்றே பெயர்.

இதிலிருந்து பலர் மனதில் ஒரு படம் பதிந்தது. மூளை என்பது ஹார்மோனியப் பெட்டி மாதிரி. ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு விரல் அசையும். பாடப்புத்தகத்திலும் இப்படித்தான் வரைபடம் போட்டிருப்பார்கள்.

அந்தப் படம் முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால், முக்கியமான ஒன்று அதில் விட்டுப்போகிறது. கட்டையை அழுத்துவது யார்? அந்த இடத்துக்குள்ளேயே இருக்கும் ஆயிரக்கணக்கான நியூரான்கள் ஒன்றோடு ஒன்று என்ன பேசிக்கொள்கின்றன? இந்த உள்ளூர்ப் பேச்சைத்தான் விஞ்ஞானிகள் 'லோக்கல் சர்க்கியூட்' என்கிறார்கள்.

ஏன் சுண்டெலி?

மனித மூளையில் சுமார் 86 பில்லியன் நியூரான்கள், அதாவது 8,600 கோடி. சுண்டெலியிடம் இருப்பது சுமார் 70 மில்லியன்தான், அதாவது 7 கோடி. அதன் மூளையின் எடை அரை கிராம்கூட வராது. கார்டெக்ஸின் தடிமனும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். மோட்டார் பகுதியில் அதைவிடச் சற்று அதிகம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சுண்டெலியில் ஒரு குறிப்பிட்ட வகை நியூரானை மட்டும் மரபணு மூலம் ஒளிர வைக்கலாம், தூண்டலாம், அடக்கலாம். மனிதரிடம் இதையெல்லாம் செய்ய முடியாது.

அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் நியூரான்கள் தாறுமாறாகக் கிடப்பதில்லை. அடுக்கு அடுக்காக இருக்கின்றன, கிட்டத்தட்ட நம் ஊர் அடுக்கு கேக் மாதிரி. மேலிருந்து கீழே பார்த்தால்:

- முதல் அடுக்கு: நியூரான் உடல்கள் ரொம்பக் குறைவு. பெரும்பாலும் இழைகள்தான்.
- இரண்டாம், மூன்றாம் அடுக்கு: சுண்டெலியில் இவற்றைச் சேர்த்தே பேசுவார்கள். கார்டெக்ஸின் மற்ற பகுதிகளோடு பேசும் செல்கள் இங்கே அதிகம்.
- ஐந்தாம் அடுக்கு: பெரிய செல்கள் இருக்கும் இடம். தண்டுவடத்துக்குச் செய்தி இங்கிருந்துதான் கிளம்புகிறது.
- ஆறாம் அடுக்கு: மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸோடு பேசும் செல்கள் இங்கே இருக்கின்றன.

நான்காவது எங்கே போச்சு? நல்ல கேள்வி. தொடுதல், பார்வை போன்ற உணர்வுகளுக்கான பகுதிகளில் நான்காம் அடுக்கு பளிச்சென்று தெரியும். மோட்டார் கார்டெக்ஸில் அது இல்லவே இல்லை என்றுதான் ரொம்ப நாள் பாடம் நடத்தினார்கள். 2014-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று வேறு மாதிரி சொன்னது. சுண்டெலியின் மோட்டார் கார்டெக்ஸில், நான்காம் அடுக்கு இருக்க வேண்டிய இடத்தில், அதே வேலையைச் செய்யும் செல்கள் இருக்கின்றன. அவை தலாமஸிலிருந்து செய்தி வாங்கி, மேலே இரண்டாம், மூன்றாம் அடுக்குக்குக் கொடுக்கின்றன. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது, அவ்வளவுதான்.

யார் யாரோடு பேசுகிறார் என்று எப்படித் தெரியும்?

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செல்லின் வடிவம் தெரியும். ஆனால் அது யார் சொல்வதைக் கேட்கிறது என்பது தெரியாது. இதற்கு ஒரு கெட்டிக்காரத்தனமான வழி இருக்கிறது.

முதலில், மூளையின் மெல்லிய துண்டு ஒன்றை, சுமார் மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தடிமனில் வெட்டி, ஆக்சிஜன் கலந்த உப்புக் கரைசலில் உயிரோடு வைப்பார்கள். நியூரான்களைத் தூண்டும் ரசாயனமான குளுட்டமேட்டை ஒரு 'ரசாயனப் பூட்டு' போட்டு அந்தக் கரைசலில் கலப்பார்கள். பூட்டு இருக்கிற வரைக்கும் அது எதையும் தூண்டாது.

பிறகு ஒரே ஒரு நியூரானில் நுண்ணிய கண்ணாடி ஊசி மின்முனையைப் பொருத்திக் காத்திருப்பார்கள். துண்டின் ஒரு புள்ளியில் லேசர் ஒளியைப் பாய்ச்சினால் அந்த இடத்தில் மட்டும் பூட்டு உடைந்து குளுட்டமேட் வெளியே வரும். அங்கே இருக்கும் நியூரான்கள் சுடும். ஊசி பொருத்திய நியூரானுக்கு அது கேட்டதா? கேட்டால் இணைப்பு இருக்கிறது. கேட்கவில்லை என்றால் இல்லை. இப்படியே கட்டம் கட்டமாக லேசரை நகர்த்தினால், 'இந்த நியூரான் யாரெல்லாம் சொல்வதைக் கேட்கிறது' என்று ஒரு வரைபடம் கிடைத்துவிடும்.

2008-இல் நார்த்வெஸ்டர்னில் கோர்டன் ஷெப்பர்டின் குழு இந்த முறையில் சுண்டெலி மோட்டார் கார்டெக்ஸின் அடுக்குகளை ஒவ்வொன்றாக அளந்தது. கிடைத்த முடிவு தெளிவாக இருந்தது. எல்லாப் பாதைகளிலும் பலமானது, மேலே இருக்கும் இரண்டாம், மூன்றாம் அடுக்கிலிருந்து கீழே ஐந்தாம் அடுக்குக்கு இறங்கும் பாதைதான். கீழிருந்து மேலே ஏறும் இணைப்புகளும் இருக்கின்றன. ஆனால் அவற்றின் பலம் குறைவு.

சுருக்கமாகச் சொன்னால், உள்ளூர்ப் பேச்சின் முக்கிய ஓட்டம் மேலிருந்து கீழே.

அலுவலகத்தில் இருப்பவர், வெளியே போகிறவர்

ஐந்தாம் அடுக்குக்குள்ளும் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. அங்கே முக்கியமாக இரண்டு வகை செல்கள் அருகருகே இருக்கின்றன.

ஒரு வகை, பெருமூளைக்குள்ளேயே பேசிக்கொள்ளும். மூளையின் எதிர்ப்பாதிக்கும், ஸ்ட்ரையாட்டம் என்ற உள்பகுதிக்கும் செய்தி அனுப்பும். இன்னொரு வகை, பெருமூளையை விட்டு வெளியேறி, மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் நீளமான இழையை அனுப்பும்.

பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டில் எது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தண்டுவடத்தில் ஒளிரும் நுண்மணிகளைச் செலுத்துவார்கள். அவை இழை வழியாகப் பின்னோக்கிப் பயணம் செய்து, மூளையில் இருக்கும் செல்லின் உடலை ஒளிர வைக்கும். ஒளிர்கிற செல் எல்லாம் தண்டுவடத்தோடு தொடர்புள்ளது என்று அர்த்தம்.

இப்படி அடையாளம் கண்டு சோதித்தபோது, இரண்டு வகைக்கும் இடையே நடக்கும் பேச்சு ஒருவழிப் பாதை மாதிரி இருப்பது தெரியவந்தது. எலியின் முன்மூளைப் புறணியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் மொரிஷிமா, கவகுச்சி 2006-இல் இதைக் காட்டினார்கள். சுண்டெலியின் மோட்டார் கார்டெக்ஸில் ஷெப்பர்டின் குழு 2012-இல் காட்டியது. உள்ளே பேசும் செல்கள், வெளியே அனுப்பும் செல்களுக்குச் செய்தி கொடுக்கின்றன. வெளியே அனுப்பும் செல்கள் திரும்பப் பதில் சொல்வது ரொம்ப அபூர்வம்.

பழைய தோட்டத்து அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கிராணிமார் தங்களுக்குள் கணக்குப் பார்ப்பார்கள், பேசுவார்கள், முடிவு எடுப்பார்கள். முடிவைக் காட்டுக்குக் கொண்டுபோகிறவர் ஒருவர். அவர் எல்லோர் சொல்வதையும் கேட்பார், ஆனால் அலுவலக விவாதத்தில் அவருக்குப் பேச்சு இல்லை. தண்டுவடத்துக்குப் போகும் செல்லின் நிலை ஏறக்குறைய இதுதான். ஒரே வித்தியாசம், மூளைக்குள் 'துரை' என்று தனியாக ஒருவர் உட்கார்ந்திருக்கவில்லை. முடிவு என்பது அந்தக் கூட்டுப் பேச்சிலிருந்தே வருகிறது.

பிரேக் யார் கையில்?

இதுவரை பார்த்தது எல்லாம் 'செய், செய்' என்று தூண்டும் செல்கள். கார்டெக்ஸின் நியூரான்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இந்த வகை. மீதி ஒரு பங்கு 'நில்லு' என்று சொல்லும் அடக்கும் செல்கள்.

அவற்றிலும் வேலைப் பிரிவினை இருக்கிறது. ஒரு வகை, தூண்டும் செல்லின் உடலைச் சுற்றிப் பிடித்து, அது சுடும் நேரத்தைக் கட்டுப்படுத்தும். இன்னொரு வகை, செய்தி வந்து சேரும் கிளைகளிலேயே உட்கார்ந்து, எந்தச் செய்தி உள்ளே வரலாம் என்று வடிகட்டும். மூன்றாவது வகையின் வேலை இன்னும் வேடிக்கை: அது அந்த வடிகட்டுகிறவரையே அடக்கி, வழியைத் திறந்துவிடும்.

பைக் ஓட்டுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். முறுக்குவது மட்டும் ஓட்டுவது இல்லை. எப்போ பிரேக் பிடிக்கணும், எப்போ விடணும் என்பதில்தான் கை தேர்ச்சியே இருக்கிறது.

கை பழகும்போது உள்ளே என்ன மாறுகிறது?

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மரப்பட்டையை மெல்லிசாகச் சீவணும். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் மரத்தில் காயம் பட்டுவிடும். இருட்டிலேயே வேலையை ஆரம்பித்து, நூற்றுக்கணக்கான மரங்களை அதே கணக்கில் வெட்டுவார்கள். இதை யாரும் புத்தகம் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. கை பழகியது, அவ்வளவுதான்.

'கை பழகியது' என்று நாம் சொல்வது, உண்மையில் மூளை மாறியது என்பதுதான். 2009-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சிறிய இடுக்கு வழியாகக் கையை நீட்டி ஒரு தானியத்தை எடுக்கச் சுண்டெலிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள்ளேயே மோட்டார் கார்டெக்ஸில் நியூரான்களின் கிளைகளில் புதிய மொட்டுகள் முளைத்தன. மற்ற நியூரான்களிடமிருந்து செய்தி வாங்கும் இடங்கள் அவை. தொடர்ந்து பயிற்சி செய்தபோது அந்த மொட்டுகளில் பல நிலைத்து நின்றன. பழையவற்றில் சில மறைந்தன.

2014-இல் சான் டியேகோவில் நடந்த இன்னொரு ஆய்வு, சுண்டெலிகள் ஒரு நெம்புகோலை அழுத்தப் பழகும்போது இரண்டாம், மூன்றாம் அடுக்கைப் பல நாட்கள் கவனித்தது. ஆரம்பத்தில் ஒவ்வொரு முறையும் அந்த அடுக்கின் செயல்பாடு வேறு வேறாக இருந்தது. பழகப் பழக, ஒரே அசைவுக்கு ஒரே மாதிரியான செயல்பாடு வரத் தொடங்கியது. முன்னே பார்த்த வரைபடத்தை நினைவில் வையுங்கள்: கட்டளை வெளியேறும் ஐந்தாம் அடுக்குக்குப் பலமாகச் செய்தி அனுப்புவது இதே மேலடுக்குதான்.

அப்படின்னா, பழகிய பிறகும் மோட்டார் கார்டெக்ஸ் தேவையா? ஹார்வர்டில் 2015-இல் வெளியான ஓர் ஆய்வு எல்லோரையும் யோசிக்க வைத்தது. ஒரு நெம்புகோலை, சுமார் 0.7 வினாடி இடைவெளி விட்டு இரண்டு முறை அழுத்த எலிகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நன்றாகப் பழகிய பிறகு மோட்டார் கார்டெக்ஸை நீக்கினார்கள். எலிகள் அந்த வேலையைத் தொடர்ந்து செய்தன. ஆனால் பழகுவதற்கு முன்பே நீக்கப்பட்ட எலிகளால் அதைக் கற்றுக்கொள்ளவே முடியவில்லை.

அதாவது, சில வேலைகளில் மோட்டார் கார்டெக்ஸ் கட்டளையிடும் அதிகாரியாக மட்டும் இல்லை. கீழே இருக்கும் மூளைப் பகுதிகளுக்குக் கற்றுக்கொடுக்கும் வாத்தியாராகவும் இருக்கிறது.

எலிக்குச் சரி, நமக்கு?

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்கணும். எலிக்கு உண்மையாக இருப்பது அப்படியே மனிதனுக்கும் உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதல் வித்தியாசம், விரல். மனிதரிடம், மோட்டார் கார்டெக்ஸ் செல்களில் ஒரு பகுதி, தசையை இயக்கும் தண்டுவட நியூரான்களோடு நேரடியாகவே இணைகிறது. சட்டை பொத்தான் போடுவது, கைப்பேசியில் தட்டுவது போன்ற நுணுக்கமான விரல் வேலைகளுக்கு இந்த நேரடி இணைப்பு முக்கியம். எலியிடம் பெரும்பாலும் இடையில் வேறு நியூரான்கள் இருக்கின்றன. அதனால்தான் மோட்டார் கார்டெக்ஸ் பாதிக்கப்பட்டால் எலியைவிட மனிதன் அதிகமாக இழக்கிறான்.

ஒற்றுமையும் இருக்கிறது. 2021 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் ஒரு பெரிய கூட்டு ஆய்வு வெளியானது. சுண்டெலி, மார்மோசெட் குரங்கு, மனிதன் ஆகிய மூன்றின் மோட்டார் கார்டெக்ஸையும் செல் செல்லாக ஒப்பிட்டது அது. நுணுக்கங்களில் வேறுபாடு இருந்தாலும், செல்களின் முக்கிய வகைகள் மூன்றிலும் இருந்தன. கட்டடம் பெரிதாகியிருக்கிறது; செங்கல் வகைகள் பெரும்பாலும் அதேதான்.

மனித மூளையையே நேரடியாகப் பார்க்கும் வேலை சென்னையிலும் நடக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவில் வளரும் மனித மூளையை 5,132 மெல்லிய துண்டுகளாகப் படமெடுத்து, 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியிட்டது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அது இணைப்புகளின் வரைபடம் இல்லை. ஆனால் நாம் மேலே பேசிய அடுக்குகள் மனிதக் கருவில் எப்படி உருவாகின்றன என்று பார்க்க உதவும்.

பக்கவாதம் வந்தவருக்கு இதில் என்ன இருக்கிறது?

மூளையின் ஒரு ரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ, அது உணவளிக்கும் பகுதியின் நியூரான்கள் செத்துப்போகின்றன. அது மோட்டார் கார்டெக்ஸாகவோ, அங்கிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இழைகளாகவோ இருந்தால், எதிர்ப்பக்கத்துக் கை கால் விழுந்துவிடும். வெளியே செய்தி கொண்டுபோகும் பாதை அறுந்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

ஆனால், பாதை அறுந்தாலும் சில சமயம் அலுவலகம் மிச்சம் இருக்கிறது. சேதமான இடத்தைச் சுற்றியிருக்கும் செல்களும், தப்பித்த இழைகளும் புதிய இணைப்புகளை உருவாக்க முடியும். 1996-இல் 'சயின்ஸ்' இதழில் ரேண்டால்ஃப் நூடோவின் குழு ஒன்றைக் காட்டியது. மூளையில் சிறிய சேதம் ஏற்பட்ட குரங்குகளுக்குக் கைப் பயிற்சி கொடுத்தபோது, கைக்கான மீதிப் பகுதி சுருங்காமல் காப்பாற்றப்பட்டது. சிலவற்றில் அக்கம்பக்கத்துப் பகுதிகளும் கை வேலையை எடுத்துக்கொண்டன. பயிற்சி இல்லாத குரங்குகளில், சேதமாகாத கைப் பகுதிகூடச் சுருங்கியிருந்தது.

பிசியோதெரபி எதற்கு என்று கேட்கிறவர்களுக்குப் பதில் இதுதான். டவலை மடிப்பது, கப்பைத் தூக்குவது என்று ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது தசைக்கான உடற்பயிற்சி மட்டும் இல்லை. பழகும் சுண்டெலியின் மூளையில் முளைத்த மொட்டுகளைப் போல, மிச்சமிருக்கும் சர்க்கியூட்டுக்குத் திரும்பப் பாடம் நடத்துவது அது. முன்னேற்றம் பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான் வேகமாக இருக்கும். 'அப்பா களைச்சுப் போயிட்டாரு, விடுங்க' என்று அன்பினால் நாமே எல்லாவற்றையும் செய்து கொடுத்தால், அந்தக் காலம் வீணாகிவிடும். நல்ல கையையே பயன்படுத்தி, விழுந்த கையை மறந்துவிடும் பழக்கமும் வந்துவிடும்.

அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது: செத்துப்போகும் நியூரான்களைக் காப்பாற்றுவது. முகம் ஒருபக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, உடனே 999-க்கு அழையுங்கள். அடைப்பினால் வரும் பக்கவாதத்தில், தகுதியானவர்களுக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான் அதைக் கொடுக்க முடியும் என்பதால், 'கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும்' என்று வீட்டில் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த நாலரை மணி நேரத்தில்தான் கழிகிறது. அறிகுறி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதைக் குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் முதலில் கேட்கப்போகும் கேள்விகளில் அதுவும் ஒன்று.